பழசு என்று நான் சொன்னது

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு என் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. அந்த நேரம் எனக்கு மறக்காது. அன்று பொழுது சாய்வதற்குள் அழைப்புப் பட்டியலைத் திறந்து திறந்து அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பது, வீட்டுக்காரர், முப்பத்தெட்டு நொடி. அந்த முப்பத்தெட்டு நொடியில் என் மகளின் எட்டு மாத உழைப்பைத் தெருவில் போகிறவரிடம் தூக்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் கேட்டார், நான் கொடுக்கச் சொன்னேன்.

போகிக்கு இரண்டு நாள் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எனக்கு வேலை. நோயாளியின் எண்ணைச் சொன்னால் பத்து வருடத்துக்கு முந்தைய கோப்பாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். வீடு திண்டிவனத்தில். தினமும் ரயிலில் போய்வருகிறேன். அவர் லாரி புக்கிங் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்ததும் முதலில் கேட்டது அவர் குரல் இல்லை. தெருவில் போகும் ஒலிபெருக்கியின் குரல். "பழைய செல்போன், ஒடஞ்ச செல்போன், தண்ணியில வுழுந்த செல்போன் குடுத்து டப்பு, பக்கெட்டு, கொடம் வாங்கிக்கலாம் அம்மா!"

"கேக்குதா? நம்ம தெருவுக்கே வந்துக்கினு இருக்கான்" என்றார் அவர். "போகிக்குக் கழிக்கிறதைக் கழிச்சிடலாம். பழசைக் குடுத்துடட்டா?"

என் முன்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கண்ணில் கட்டோடு.

"குடுத்துடுங்க."

"பழசையேவா?"

"ஆமாங்க, பழசைத்தான். எத்தினி வருஷமா எடத்த அடைச்சிக்கினு கெடக்குது."

"பாத்துக்கோ, அப்புறம் என்னைச் சொல்லாத" என்று சிரித்துவிட்டு வைத்தார். நானும் அடுத்தவரின் எண்ணைக் கேட்டேன்.

நான் நினைத்தது மேசை இழுப்பறையில் கிடந்த பட்டன் போனை. உயிர்போய் ஐந்தாறு வருடம் ஆன போன். அவர் நினைத்தது வேறு. எங்கள் வீட்டில் 'பழசு' என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது என் போன் கைதவறி விழுந்து மேல்மூலையில் விரிசல் விட்டது. விரிசல் பாதித் திரைக்கு ஓடியது. தொட்டால் சில இடங்களில் கேட்கும், சில இடங்களில் கேட்காது. புதுப் போன் வாங்கியபின் அதை என்ன செய்வதென்று யோசித்தேன். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நல்ல நிலையில் இருக்கும் எதையும் இழுப்பறையில் போட்டு மறக்க மனம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்து, இலவச ஆப் ஒன்றை இறக்கி, சிம்மை எடுத்துவிட்டு, பெரிய மெமரி கார்டாக ஒன்று போட்டு, அதை வீட்டு வைஃபையில் இணைத்தேன். வைஃபைக்கு அவர் வைத்திருந்த பெயர், ஆங்கில எழுத்தில், 'வீட்டில் ஆளில்லை'. திருடன் பார்த்தால் ஏமாந்து உள்ளே வருவான், நாம் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நகைச்சுவை.

இணைத்தபின் வீட்டிலிருக்கும் எந்தப் போனிலிருந்தும், மகளின் லேப்டாப்பிலிருந்தும், பிரவுசரைத் திறந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும் ஓர் எண் வரிசையை அடித்தால் போதும். அந்தப் போனின் வயிறு திறந்துகொள்ளும். படமோ, சான்றிதழோ, ரேஷன் கார்டு நகலோ, எதை வேண்டுமானாலும் அதற்குள் தள்ளலாம், எடுக்கலாம். ஒயர் வேண்டாம். மாதாமாதம் யாருக்கும் சந்தா கட்ட வேண்டாம். நம்முடைய சாமான் நம்முடைய சுவருக்குள்ளேயே இருக்கும். முதல் நாள் கல்யாண ஆல்பத்தின் படங்களை உள்ளே அனுப்பி, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய்த் திறந்து காட்டினேன். அவர் அடுப்பைக்கூட அணைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் போனுக்கு அமைப்புகளில் ஒரு பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்டது. 'பழசு' என்று அடித்தேன். அன்றிலிருந்து அதுதான் பெயர். "பழசுல போட்டுட்டியா?" "அது பழசுல இருக்கும் பாரு." எங்கள் வீட்டில் அது ஓர் அன்றாட வழக்குச்சொல் ஆகிவிட்டது. எப்போதும் சார்ஜில் வைத்தால் பேட்டரி உப்பிவிடும் என்று படித்திருந்தேன். அதனால் சோறு வேகும் நேரம் மட்டும் அதற்கும் சார்ஜ். குக்கரை இறக்கும்போது சுவிட்சையும் அணைத்துவிடுவார் அவர். திரைப்பூட்டையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் இருப்பதற்குப் பூட்டு எதற்கு?

மகள் சென்னையில் சமூகவியல் முதுகலை கடைசி வருடம். ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பங்களிலிருந்து மீன் கூடைகளோடு திண்டிவனம் சந்தைக்கு வரும் பெண்களை. விடிவதற்கு முன் ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து வருவார்கள். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் அவர்கள் பேசிக்கொள்வதுதான் அவளுடைய ஆய்வு. வீட்டுக்கு வரும் வாரக்கடைசிகளில் எல்லாம், அந்தக் கூடைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, போனை மடியில் வைத்துப் பதிவு செய்தாள். திரும்பி வரும்போது அவள் துப்பட்டா இரண்டு அலசலுக்கும் வாசனை போகாது.

எட்டு மாதத்துப் பதிவு. அவள் போனில் இடம் நிறைந்து, படம்கூட எடுக்க முடியாமல் போனபோது என்னைத்தான் கேட்டாள்.

"அம்மா, எல்லாத்தையும் பழசுல போட்டுட்டேன். போன்ல இருக்கறதை அழிச்சிடட்டா? பயமா இருக்கு."

"அழிச்சிடு. நான் பாத்துக்கறேன். பழசு எங்கயும் எழுந்து நடந்து போயிடாது."

அப்படித்தான் சொன்னேன். அத்தனை உறுதியாக.

கார்த்திகையில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஆய்வின் பாதியைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தார். உரையாடல்கள் கதை மாதிரி இருக்கின்றன, உண்மையில் இப்படிப் பேசினார்களா, நீயாக எழுதினாயா என்று. பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் அன்று எல்லா ஒலிப்பதிவுகளையும் கொண்டுவந்து கேட்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வை ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். மகள் போனில் அழுதாள், அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டு, "பரவால்லம்மா, எல்லாம் பழசுல இருக்கு" என்றாள். பட்டம் போனால்கூட அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். பொய்யாக எழுதியவள் என்ற பெயர் விழுந்தால் அதை எங்கே போய்க் கழுவுவது?

அன்று மாலை ரயிலில்தான் அவள் வருவதாக இருந்தது. வந்ததும் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் தெரிந்த நான்தான் "பழசைத்தான்" என்றேன்.

தெரிந்தது மதியம் ஒன்று பத்துக்கு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் ஒரு படம் அனுப்பினார். ஊதா நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் டப். குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. டப்புக்குப் பக்கத்தில், முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளியோடு, வெற்றிச் சிரிப்புடன் அவர்.

கூப்பிட்டேன். "பட்டன் போனுக்கா இவ்ளோ பெரிய டப்பு குடுத்தான்?"

"பட்டன் போனா? அதுக்கு சோப்பு டப்பா குடுத்தா பெரிசு. ஓடற போனு இது. லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துதா, பாத்ததும் அவனே பெரிசா எடுத்து வெச்சான்."

"எந்தப் போன் எரிஞ்சிக்கினு இருந்துது?"

"பழசுதான். நீதானே சொன்ன? நான் ரெண்டாவது வாட்டி கேட்டேனே, பழசையேவான்னு. சரி, பாப்பா வர்றா, எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்திட்ட போலன்னு நெனைச்சேன்."

"ஐயோ" என்றேன். அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "மாத்தல?"

"இல்ல."

"இரு. நான் வண்டி எடுக்கறேன்." சட்டை மாற்றக்கூட இல்லை, சுண்ணாம்பு முகத்தோடுதான் போனார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் சாப்பாட்டு டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அவ்வப்போது கூப்பிட்டார். ஒலிபெருக்கிக் குரல் மேம்பாலத்துப் பக்கம் கேட்டது என்று ஓடி ஒருவரைப் பிடித்தார், அவர் வேறு ஆள். மார்க்கெட் பின்னால் இன்னொருவரைப் பிடித்தார், அவரும் வேறு ஆள். பொங்கலுக்கு முன்னால் ஊரெல்லாம் அவர்கள்தான். எல்லா வண்டியிலும் ஒரே பதிவு. யாரோ ஒருவர் ஒரு தடவை பேசிப் பதிந்ததை எல்லோரும் கார்டில் ஏற்றிப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

"பேஜாரா இருக்குது" என்றார் அவர், மூச்சு வாங்க. "எல்லாம் ஒரே குரலு. எவன் பின்னாடின்னு ஓடறது? ஆனா மூணாவது ஆளு ஒரு சேதி சொன்னான். இவனுங்க அத்தினி பேரும் ஒரே குடோனு. காலையில எடுத்தது பூரா பன்னெண்டு மணிக்கே மினி வேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்களாம்."

"எங்க இருக்குது குடோன்?"

"அங்கதான்மா, விழுப்புரத்துல. பாண்டி ரோட்டுல."

நான் இருந்த இடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறியதும் பயம் குறைந்தது. போன் என்னைத் தேடி விழுப்புரத்துக்கே வந்திருக்கிறது. அதன் பேட்டரி காலையில்தான் ஏற்றியது. ஓடுகிற போனாக இருக்கும்வரை அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தெரியும்.

குடோன் என்றால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒரு பக்கம் அடுக்கடுக்காகப் புதுப் பிளாஸ்டிக் டப்புகள், குடங்கள். இன்னொரு பக்கம் சாக்குகள். நடுவில் கவிழ்த்துப் போட்ட டப்பின்மேல், புடவைக்குமேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்து போன்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். கையில் எடுப்பார், பக்கவாட்டுப் பொத்தானை அழுத்துவார், வெளிச்சம் வந்தால் வலது சாக்கு, வராவிட்டால் இடது சாக்கு. முகத்தைத் தூக்காமலே பேசினார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தவில்லை.

"குடுத்துட்டு வந்து கேக்கறவங்க தெனம் நாலு பேரு. ஒருத்தன் பொண்டாட்டிக்குத் தெரியாம குடுத்துட்டேன்றான். ஒருத்தி புருஷனுக்குத் தெரியாம குடுத்துட்டேன்றா. உன்னுது இன்னா கதை?"

"நானே தெரிஞ்சி குடுத்தது. பேரு குழப்பம்."

அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரா?"

"இல்லீங்க. ஆஸ்பத்திரியில."

"திண்டிவனத்து மூட்டையே நாலு இருக்குது, மேடம். கொட்டி உன் கிட்ட காட்டிக்கினு இருந்தா என் பொழுது போயிடும். உன்னுது இங்கதான் இருக்குதுன்னு எவன் சொன்னான்?"

"அதுவே சொல்லும். அஞ்சு நிமிஷம் குடுங்க."

என் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன். நான் செய்ய நினைத்தது சுலபமானது. பழசுக்குத் தெரிந்த வைஃபை ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டு வைஃபை. அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கண்டால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அது வீட்டு ரூட்டரா என் போனா என்று அதற்குத் தெரியாது. ஆகவே என் ஹாட்ஸ்பாட்டுக்கு 'வீட்டில் ஆளில்லை' என்று பெயர் வைத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால், சாக்குக்குள் இருந்தாலும் அது என்னிடம் வரும்.

பெயரை அடித்தேன். கடவுச்சொல்லை அடித்தேன். இணைந்த சாதனங்கள்: சுழியம்.

சாக்குகளின் பக்கமாக நடந்தேன். சுழியம். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாம்மா, மந்திரமா?"

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "வைஃபை பேருல மொத எழுத்து பெரிசா, சின்னதா?"

"எந்த மொத எழுத்து?"

"நீங்க வெச்ச பேருதாங்க. வீட்டில் ஆளில்லை."

"ரெண்டு வார்த்தைக்கும் பெரிசு. அழகா இருக்கட்டும்னு வெச்சேன். எதுக்கு?"

"அப்புறம் சொல்றேன்." நான் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன். மாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று வரும்போது சுழியம் ஒன்றானது. கீழே ஆங்கில எழுத்தில் வந்தது: பழசு.

போனை அந்தப் பெண்மணியிடம் காட்டினேன். படித்துச் சொல்லவும் செய்தேன்.

"உள்ள இருந்துக்கினு பேரு சொல்லுதா?" சாக்கைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு எழுந்து, வலப்பக்கச் சாக்குகளில் ஒன்றை அடியைப் பிடித்து என் முன்னால் கொட்டினார். "தேடிக்கோ தாயி. பேய் போனெல்லாம் எனக்கு வேணாம்."

இரண்டாவது சாக்கில் கிடைத்தது. மூலையில் விரிசல், பக்கத்தில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புத் துளி ஒன்று. கையில் எடுத்ததும் நான் அதைத் துடைத்தேன், என் புடவையிலேயே. பேட்டரி முப்பத்தொன்று சதவீதம் இருந்தது. யாரும் அதைத் துடைத்தழித்துப் புதுசாக்கியிருக்கவில்லை. நின்றபடியே என் போனில் பிரவுசரைத் திறந்து, பெயருக்குக் கீழே காட்டிய எண்ணை அடித்தேன். அறிமுகமான பக்கம் திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

கல்யாணப் படங்கள் இல்லை. சான்றிதழ்கள் இல்லை. மகள் பெயரிட்ட கோப்புறை இல்லை. வெள்ளைப் பக்கம். மறுபடி திறந்தேன், மறுபடி வெள்ளை. அப்போதுதான் போனைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் மெமரி கார்டு செருகும் தட்டு இல்லை. அந்த இடம் பல் விழுந்த மாதிரி இருந்தது.

"கார்டு எங்க?" என்றேன்.

"கார்டா?" அவர் திரும்பவும் டப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அது தெருத்தெருவா லைன்ல போறவன் பங்கு. போன் நம்முது, உள்ள மறந்து வுட்ட கார்டு அவனுது. அப்படித்தான் இந்தத் தொழில்ல. பாட்டு இருந்தா கேட்டுக்கினு போவான், இல்லன்னா அழிச்சிட்டுக் கடைக்குத் தள்ளிடுவான்."

"அழிச்சிட்டுன்னா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "உள்ள இன்னா இருந்துது?"

சொன்னேன். மகளைப் பற்றி, மீன்காரப் பெண்களைப் பற்றி, பேராசிரியர் கேட்டதைப் பற்றி. சொல்லச் சொல்ல, சொல்லிக்கொண்டிருப்பது யாரோ என்று தோன்றியது. அவர் கேட்டு முடித்து, எங்கள் தெரு எது என்று விசாரித்து, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து அந்தப் பக்கம் போகும் லைன்காரரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை.

"எடுக்க மாட்டான். ஸ்பீக்கர் சத்தத்துல கேக்காது. பிரம்மதேசம் பக்கம் போறேன்னான். அஞ்சு மணிக்கெல்லாம் டப்பு கணக்கு சொல்ல வந்துடுவான். ஒக்காரு."

இன்னொரு டப்பைக் கவிழ்த்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

இதை எழுதும் இப்போது எங்கள் வீட்டில் இப்படி மூன்று போன்கள் வேலை செய்கின்றன. ஒன்று கூடத்து அலமாரியில், ஒன்று படுக்கையறையில், ஒன்று இரண்டு தெரு தள்ளி என் தங்கை வீட்டில். ஒன்றில் போடுவது மற்ற இரண்டிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஞாயிறும் நானே திறந்து பார்க்கிறேன். மூன்று போன்களின் முதுகிலும் பட்டையாக டேப் ஒட்டி, 'இது போன் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் பெயர் வேறு. 'பழசு' என்ற சொல்லைச் சோற்றுக்கும் துணிக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லுவேன்: வீட்டில் கிடக்கும் போனைத் தூக்கி எறியாதீர்கள், அது நல்ல பெட்டகம், நான் சொல்லித் தருகிறேன். மருத்துவமனையில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் ஒரே இடத்தில் மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழிக்காதீர்கள் என்பதை இரண்டு தடவை சொல்லுவேன், இரண்டாவது தடவை என் குரல் கொஞ்சம் கடுமையாகிவிடும். தெருவில் அந்த ஒலிபெருக்கி வந்தால், கையில் எது இருந்தாலும் வைத்துவிட்டு, எழுந்து போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறேன்.

அன்று குடோனில் உட்கார்ந்திருந்தபோது, நாலு மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, செங்கல்பட்டு தாண்டிட்டேன். செம கூட்டம். பழசு ஆன்ல இருக்குல்ல?"

பழசு என் மடியில் இருந்தது. ஆனில்தான் இருந்தது.

"இருக்கு."

"இன்னா ஒரு மாதிரி பேசற? ஆபீஸ்லயா?"

"இல்ல, வெளியில இருக்கேன். பாத்து வா. எறங்கறப்போ பையை முன்னாடி மாட்டிக்கோ."

"நான் என்ன சின்னப் புள்ளயா? வெச்சிடறேன்."

அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் நான் பெரிய பொய் சொன்னதில்லை. ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லி வளர்த்தேன். அன்று சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, மொத்தமும் பொய். அந்தப் பெண்மணி தலையைத் தூக்காமல், "பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

நாலரையிலிருந்து லைன்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். தூரத்திலேயே அந்தக் குரல் கேட்கும். பழைய செல்போன், ஒடஞ்ச செல்போன். ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போனேன். செஞ்சி லைன், பண்ருட்டி லைன், உள்ளூர் லைன். ஒருவர் என்னை வாடிக்கை என்று நினைத்து, "குடம் வேணுமாம்மா?" என்றார். அந்தப் பெண்மணி உள்ளிருந்து, "அவங்க குடம் வாங்கற நெலமையில இல்ல, வண்டிய அந்தாண்ட போடு" என்றார். வீட்டுக்காரரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிரம்மதேசம் வரைக்கும் போய்த் தேடிவிட்டு, மகளைக் கூட்டிவர ரயிலடிக்குப் போவதாகச் சொன்னார். "அவகிட்ட இன்னா சொல்றது?" என்றார். "நான் வந்து சொல்றேன். நீங்க டப்பை மட்டும் அவ கண்ணுல படாம வெச்சிடுங்க" என்றேன்.

மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒரு தப்பு பண்ணிட்டேன். பேராசிரியரைப் பார்க்க நானே சென்னைக்கு வர்றேன். அந்தப் பொம்பளைங்களை நாமே போய்ப் பார்க்கலாம், மறுபடி பேசச் சொல்லலாம். ஆனால் விடியற்காலை ஆட்டோவில், யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் ஒருத்தி சொன்னதை, உட்காரவைத்துக் கேட்டால் சொல்லுவாளா?

ஐந்து மணி ஆனது. ஐந்தே கால் ஆனது. அந்தப் பெண்மணி சாக்குகளின் வாயைக் கட்டத் தொடங்கினார். "இன்னும் ஒருத்தன்தான். இவன் எப்பவும் லேட்டு பண்றவன் இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. கார்டை விற்கக் கடைக்குப் போயிருப்பார் என்றுதான் பட்டது.

ஐந்தரைக்கு ரோட்டின் திருப்பத்தில் ஒரு ஒலிபெருக்கி கேட்டது. கரகரவென்று, பெரிய சத்தமாக. பழக்கப்பட்ட காதுக்கு அது பழைய செல்போன் என்றே கேட்கத் தொடங்கி, பிறகு வேறாகியது.

ஆட்டோ இரைச்சல். கூடைகள் உரசும் சத்தம். பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் ஒருத்தி, "அடியே, நண்டுக் கூடை போனதை நீ பாத்தியா, பாக்கலியா, அதைச் சொல்லு மொதல்ல!" என்று அதட்டினாள். சிரிப்பு எழுந்தது. அதற்கு நடுவில், பாண்டி ரோடு முழுக்கக் கேட்கும்படி, என் மகளின் குரல் கேட்டது: "அக்கா, அக்கா, கொஞ்சம் மெதுவா, ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க."

நான் வாசலுக்கு ஓடினேன் என்று சொல்ல முடியாது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்மணிதான் ஓடினார்.

மொபெட் வந்து நின்றது. பின்னால், காலையில் ஏற்றிய டப்புகளில் பாதிக்குமேல் போகாமல் அப்படியே இருந்தன. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முப்பத்தைந்து வயது இருக்கும், முகமெல்லாம் புழுதி.

"எங்கடா போன இவ்ளோ நேரம்? அந்தக் கார்டு, அதை எதுனா பண்ணியா?" என்று அந்தப் பெண்மணி ஒலிபெருக்கியைக் காட்டிக் கத்தினார்.

"எதுவும் பண்ணலக்கா. நம்ம கார்டு மத்தியானம் மக்கர் பண்ணுச்சி, பாட்டு எதுனா இருக்கும்னு இதைப் போட்டேன். அதோட போச்சி யாவாரம். ஒரு ஜனமும் போன் குடுக்கல. வண்டியச் சுத்தி நின்னுக்கினு கேக்குதுங்க, நகர வுடல."

நான் தூணை விட்டு அவரருகில் வந்து, "அது என் பொண்ணு பதிஞ்சதுங்க. அழிச்சிடலியே?" என்றேன்.

"உங்க பொண்ணா கேள்வி கேக்குது?" அவர் ஒலிபெருக்கிப் பெட்டியின் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார். கார்டை நகத்தால் நெம்பி எடுத்து, சட்டையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். ஆனால் விரலை உடனே எடுக்கவில்லை.

"அழிக்கறதா? பிரம்மதேசத்துல ஒரு பொம்பள வண்டி சாவியையே புடுங்கிக்கிச்சி. அந்த நண்டுக் கூடைய எவ தூக்குனான்னு தெரியாம அனுப்ப மாட்டேன்னு நின்னுச்சி. எனக்குந்தான் தெரியல. நீங்க சொல்லுங்கம்மா, எவ தூக்குனா?"